குடல் காசநோய்: பேரியம் படமா, சி.டி. என்டரோகிராபியா?

சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் சந்திப்பில்தான் குடல் காசநோய் பெரும்பாலும் குடியேறுகிறது. நிணத்திசு அங்கே அதிகம், குடலில் போவதும் அங்கே சற்றுத் தேங்கும். எந்தப் படம் எடுத்தாலும் கண் முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் பேரியம் குடலின் உள்வடிவத்தைக் காட்டும். கரைசலைக் குடிக்க வைத்து, அது நகர நகர எக்ஸ்ரே எடுப்பார்கள். பெருங்குடலின் தொடக்கப் பையான சீக்கம் சுருங்கிக் கூம்பாகி மேலே இழுபட்டிருக்கும். சிறுகுடலுக்கும் சீக்கத்துக்கும் இடையிலுள்ள வால்வு தடித்து வாய்பிளந்து, ஒட்டிய சிறுகுடல் குறுகி, கவிழ்த்த குடைபோலத் தெரிந்தால் அது ஃப்ளைஷ்னர் அடையாளம். புண்பட்ட பகுதியில் பேரியம் தங்காமல் ஓடிவிட்டால் ஸ்டியர்லின் அடையாளம். பாடநூல்களுக்குப் பிடித்தவை இவை. ஆனால் குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் கிரோன் நோயிலும் இவை வரும் என்பதுதான் சிக்கல். குடலில் துளை விழுந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ பேரியத்தைத் தொடவே கூடாது.

சி.டி. என்டரோகிராபி என்பது சிறுகுடலுக்கென்றே எடுக்கும் சி.டி. ஸ்கேன். அதில் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் மானிட்டால் போன்ற கரைசலைக் குடித்துக் குடலை விரிய வைக்க வேண்டும். இது படத்தில் வெள்ளையாகத் தெரியாது, தெரியவும் கூடாது. குடலுக்குள் வெள்ளை நிரம்பிவிட்டால், ரத்தக்குழாயில் ஏற்றிய அயோடின் மருந்தால் குடல்சுவர் வெளுப்பது தனியாகப் புலப்படாது.

என் ஓட்டு சி.டி.க்குத்தான். காரணம் குடல் அல்ல, குடலுக்கு வெளியே இருக்கும் நிணநீர்க் கணுக்கள். பெருத்த கணுவின் நடு கருத்து, ஓரம் மட்டும் வளையமாக வெளுத்திருந்தால் உள்ளே திசு செத்துக் கிடக்கிறது என்று பொருள். அது காசநோயின் பக்கம் பலமாகச் சாய்க்கும். பேரியத்தில் எவ்வளவு நேரம் தேடினாலும் இது கிடைக்காது. வயிற்றில் நீர் கோத்து அதன் அடர்த்தி சி.டி.யில் அடர்த்தியை அளக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் 25 முதல் 45 வரை இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். கிரோனாக இருந்தால் பாதிப்பு நீளமாக, விட்டு விட்டு வரும். குடலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சீப்புப் பற்களைப் போல வரிசையாகப் புடைத்திருக்கும்.

அதற்காகப் பேரியத்தை ஓரங்கட்டிவிட முடியாது. சுருங்கிய இடத்தை அது எப்படிக் கடக்கிறது என்பதை நேரிலேயே பார்க்கலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அயோடின் ஏற்ற யோசிக்கும்போதும் கைகொடுக்கும். திரும்பத் திரும்பப் படம் எடுக்க வேண்டிய இளவயதினருக்கு காந்தப்புலத்தால் படமெடுக்கும் எம்.ஆர். என்டரோகிராபி நல்லது, அதில் கதிர்வீச்சே இல்லை.

சரி, கணுவும் இல்லை, நீரும் இல்லை, சுவர் மட்டும் தடித்திருக்கிறது என்றால்? ரிப்போர்ட்டில் இரண்டு நோயையும் எழுதிவிட்டு, பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் திசு எடுக்கச் சொல்வதுதான் முறை. கிரோன் என்று நினைத்து, நோய் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டைத் தொடங்கி, இருந்தது காசநோயாக இருந்துவிட்டால் அது உடம்பெங்கும் பரவக்கூடும்.