காரைக்குடி சனிக்கிழமை வரலாறு கிளாஸ்: காசு குடுத்து போகலாம்

செக்காலை பக்கம் ஒரு பழைய வீட்டு முகப்புல சனிக்கிழமை சாயங்காலம் நடக்குற வரலாறு கிளாஸ் எப்படின்னு நெறைய பேர் கேட்டீங்க, ஒரு பேட்ச் முழுசா உக்காந்து கேட்டாச்சு, அதான் எழுதுறேன். செட்டிநாட்டு கதை சொல்லுவாங்கன்னு நெனச்சு போறவங்க முதல்லயே தெரிஞ்சுக்கோங்க, முக்காவாசி நேரம் ஓடுறது இங்கிலாந்துல யார்க்ஷயர் பக்கம் ஆளே இல்லாம காலியாப்போன 'வாரம் பெர்ஸி' (Wharram Percy)ங்குற ஒரு கிராமத்தோட கதை. அத நாம எதுக்கு கேக்கணும்னு பக்கத்துல இருந்த ஆச்சி முதல் நாளே சத்தமா கேட்டாங்க, அப்புறம் ஒரு வாரம் கூட விடாம வந்தவங்களும் அவங்கதான்.

ராஜா, சண்டை, பட்டாபிஷேகம் எதுவும் இல்ல. குடியானவங்க எப்படி வாழ்ந்தாங்க, அது எப்படி நமக்கு தெரிய வந்துச்சு, இந்த ரெண்டுதான். 1086ல வில்லியம் ராஜா எடுத்த டூம்ஸ்டே கணக்குலயே இந்த 'வாரம்' ஊரு பேர் வருது. எத்தன ஏரு, எத்தன குடின்னு ஊர் ஊரா எழுதி வச்ச கணக்கு அது, நம்ம கோயில்ல கல்யாணமான குடும்பத்த ஒவ்வொரு புள்ளியா எழுதுற புள்ளிக் கணக்கு மாதிரின்னு பாடம் எடுக்குற சார் சொன்னதும் சபை நிமிந்து உக்காந்துச்சு.

1948ல மாரிஸ் பெரஸ்ஃபோர்டுன்னு ஒரு பொருளாதார வரலாற்று ஆய்வாளர் அங்க போறாரு, புல்லுக்கு அடில வீட்டு அடிவாரம் மேடும் பள்ளமுமா தெரியுது. 1952ல ஜான் ஹர்ஸ்ட்ங்குற தொல்லியல் ஆய்வாளர் சேந்துக்குறாரு, அதுலேந்து 1990 வரைக்கும் வருஷா வருஷம் கோடைல போயி தோண்டிருக்காங்க. ஒரு சின்ன ஊருக்கு நாப்பது வருஷம்! ஒரே கூரைக்கு கீழ ஒரு பக்கம் மனுசங்க இன்னொரு பக்கம் மாடுன்னு இருந்த நீள வீடுங்களோட படம் போட்டு காட்டுனப்ப எல்லாரும் செல்போன உள்ள வச்சுட்டாங்க.

எனக்கு ரொம்ப புடிச்சது சர்ச்சு வச்சு சொன்ன பாடம். ஜனம் பெருகுனப்ப ரெண்டு பக்கமும் சேத்து கட்டிருக்காங்க, ஜனம் கொறஞ்சதும் அத இடிச்சு வளைவ கல்லு வச்சு அடச்சுட்டாங்க, அந்த அடச்ச வளைவு இன்னிக்கும் சுவத்துல தெரியுது, அதாவது ஊரு வளந்து தேஞ்சது முழுக்க ஒரே சுவத்துல படிக்கலாம். கிட்டத்தட்ட 700 எலும்புக்கூட ஆராய்ஞ்சு, பிள்ளைங்களுக்கு ஒன்ற வயசு வரைக்கும் தாய்ப்பால் குடுத்திருக்காங்கன்னு கூட கண்டுபிடிச்சிருக்காங்க. சில எலும்புல கத்தி வெட்டும் தீ பட்ட தடமும் இருக்கு, செத்தவங்க எந்திரிச்சு வந்துருவாங்கன்னு பயந்து செஞ்சிருக்கலாம்னு 2017ல வந்த ஆய்வு சொல்லுது. இத சார் அவசரமா முடிச்சுட்டாரு, இன்னும் கொஞ்ச நேரம் குடுத்திருக்கலாம்.

ஊரு ஏன் காலியாச்சு? 1348-49 கொள்ளைநோய்ல எல்லாரும் செத்துட்டாங்கன்னு நாங்க எல்லாம் சொன்னோம். இல்லயாம். நோய்க்கு அப்புறமும் நூறு வருஷத்துக்கு மேல ஜனம் இருந்திருக்கு. கம்பளிக்கு நல்ல வெல கெடைக்குதுன்னு நிலத்துக்காரரு 1500 வாக்குல கடைசி குடும்பங்களயும் கெளப்பிட்டு ஆடு மேய விட்டாரு. சபைல யாரும் பேசல கொஞ்ச நேரம்.

அந்த காலத்துல பண்ணைக்காரர் நடத்துன கோர்ட்டோட பதிவுகள பத்தி ஒரு வாரம் தனியா போச்சு. குடியானவன் செத்தா அவன்கிட்ட இருக்குறதுல நல்ல மாட்ட பண்ணைக்காரருக்கு குடுக்கணும், பொண்ணுக்கு கல்யாணம்னா அதுக்கும் ஒரு கட்டணம், எல்லாம் தோல் சுருள்ல எழுதி வச்சிருக்காங்க, இங்கிலாந்துல பல ஊருக்கு அப்படி சுருள் தப்பிச்சிருக்கு. நம்ம பக்கம் வீடு இடிக்கிறப்ப தேக்குத் தூணுக்கு வெல பேசுறோம், பர்மால நம்மாளுங்க நடத்துன வட்டிக்கடை பேரேடு, இசைகுடிமானம்னு சொல்ற கல்யாணப் பத்திரம், வட்டிக் கணக்கு எல்லாத்தயும் எடைக்கு போடுறோம். தயவுசெஞ்சு போடாதீங்க, போட்டோவாவது எடுத்து வைங்க. யாரு வேல செஞ்சாங்க, என்ன கூலி, என்ன வெலவாசி, எல்லாம் அதுல இருக்கு.

கொற சொல்லணும்னா, முகப்புல வெயில் சாய்ஞ்சு அடிக்கிறதால முதல் அர மணி நேரம் திரைல படம் சரியா தெரியாது. பின்னாடி உக்காந்தா சார் குரல் கேக்காது, மைக் வைக்கலாம். கார் நிறுத்த இடம் கெடயாது, பஸ்ஸோ பைக்கோ நல்லது. நடுவுல குடுக்குற சுக்கு காப்பியும் கந்தரப்பமும் நல்லாருக்கு. பத்தாவதுக்கு கீழ உள்ள பிள்ளைங்கள கூட்டிட்டு போக வேணாம், ரெண்டு மணி நேரம் உக்கார மாட்டாங்க.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். அடுத்த பேட்ச்ல பழைய பேரேடு படிக்க கத்துக்குடுக்குறதா சொல்லிருக்காங்க, வீட்ல இருந்தா ஒண்ண கையோட எடுத்துட்டு போங்க.