ஊரடங்கில் தவறாத திங்கள், புதன், வெள்ளி: ஒரு டயாலிசிஸ் மையத்தின் மதிப்பீடு

2020 மார்ச் 25, நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிய புதன்கிழமை, அப்பாவுக்கு டயாலிசிஸ் நாள். வீட்டை விட்டு வெளியே வர வேண்டாம் என்ற அறிவுரையைச் சிறுநீரகம் செயலிழந்தவர்களால் கடைப்பிடிக்க முடியாது. சில நாள் தள்ளிப்போனாலே நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம், பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறலாம். அந்த மாதங்களில் ஒரு முறைகூடத் தவறவிடாமல் அப்பாவைக் கவனித்துக்கொண்டதற்காகவே, மதுரையில் நாங்கள் சென்றுவந்த தனியார் மையத்தைப் பற்றி எழுதுகிறேன்.

தொற்றுத் தடுப்பில் குறை சொல்ல இடமில்லை. காய்ச்சல், இருமல் உள்ளவர்களை வாசலிலேயே விசாரித்துப் பிரித்து, அன்றைய கடைசி ஷிஃப்டில் ஓரத்துப் படுக்கை கொடுத்து, முடிந்தபின் இயந்திரத்தையும் கட்டிலையும் கிருமிநாசினியால் துடைத்தார்கள். முழுக்கவச உடையும் இரட்டைக் கையுறையும் அணிந்து, கண்ணாடியில் ஆவி படிந்த நிலையிலும், அப்பாவின் இடது கையில் ஃபிஸ்டுலாவின் (டயாலிசிஸ் ஊசிக்காகத் தமனியையும் சிரையையும் அறுவை சிகிச்சையில் இணைத்த இடம்) அதிர்வை விரல் நுனியால் தேடிப்பிடித்து ஒரே குத்தில் ஊசி போட்ட டெக்னீஷியன் பெண்ணை மறக்க முடியாது. ‘ஐயா, கையை இறுக்கி மூடுங்க’ என்று முகக்கவசத்துக்குள்ளிருந்து அவர் சொன்னதுதான் அப்பாவுக்கு ஒருநாளும் சரியாகக் கேட்டதில்லை.

என் வருத்தம் வேறு. ஊழியர்கள் சிலர் தனிமைப்படுத்தப்பட்டபோது, நான்கு மணி நேர டயாலிசிஸை மூன்றாகக் குறைத்தார்கள். ஆள் இல்லாதபோது வேறு வழியில்லை என்பது புரிகிறது. ஆனால் எங்களிடம் சொல்லவில்லை. உலர் எடை, அதாவது கூடுதல் நீர் நீங்கியபின் இருக்க வேண்டிய எடை, 58 கிலோ உள்ள அப்பா, முடித்து இறங்கியபோது 59.4 காட்டியதைப் பார்த்து நாங்களாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். முன்பே தெரிந்திருந்தால் தண்ணீரையும் உப்பையும் இன்னும் குறைத்திருப்போம். பொட்டாசியத்தைக் குறைக்கக் காய்கறியை வேகவைத்து நீரை வடிப்பதில் அம்மாவும் கூடுதல் கவனம் எடுத்திருப்பார். பாதுகாப்பு உடைக்கான தொகையைப் பில்லில் தனியாகச் சேர்த்ததையும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

2021 மார்ச் 1 முதல் 45 வயதைக் கடந்த இணைநோயாளிகளுக்குத் தடுப்பூசி தொடங்கியபோது, அதற்குத் தேவைப்பட்ட மருத்துவச் சான்றிதழை நாங்கள் கேட்காமலேயே தயாராக வைத்திருந்தார்கள். அப்பாவுக்கு அப்போது வயது 57.

அங்கே செல்வதாக இருந்தால் காலை முதல் ஷிஃப்டைக் கேட்டு வாங்குங்கள். உடன் வருபவர்களை உள்ளே விடுவதில்லை, வெளியே நிழலும் இல்லை, குடை அவசியம்.