அம்மாவுக்கு அக்குபங்சர்: ஊசி போடுறதுக்கு முன்னாடி பேரைத் தேடிப் பாருங்க

சான் ஹோசேல இருந்து இந்தத் தடவ சிங்கப்பூர் ஈசூனுக்கு வந்ததே அம்மா தோள்பட்டைக்காகத்தான். கை தலைக்கு மேல தூக்க முடியல, அரசாங்க பாலிகிளினிக்ல ஃபிசியோவுக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க, அதோட அக்குபங்சரும் பண்ணிப் பாக்கணும்னு அம்மாவுக்கு ஆசை, பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொன்னாங்கன்னு பிளாக்குக்குக் கீழ இருந்த ஒரு மசாஜ் கடைக்குப் போனோம்.

சுவத்துல தங்க பார்டர் போட்ட ஒரு சர்டிஃபிகேட், ஏதோ சின்ன கோர்ஸ் முடிச்சது. தொழில் பண்றதுக்கான அனுமதி, அதாவது ப்ராக்டிசிங் சர்டிஃபிகேட் எங்கன்னு கேட்டா அது முதலாளி பேர்ல இருக்கு, அவரு இப்ப இல்லன்னு பதில். அங்கேயே ஃபோன்ல பாரம்பரிய சீன மருத்துவர்கள் வாரியத்தோட பதிவேட்டத் திறந்து ஊசி போட வந்தவர் பேரத் தேடினேன், இல்ல. அம்மாவக் கூட்டிட்டு வெளிய வந்துட்டேன், சுகாதார அமைச்சுக்கும் எழுதிப் போட்டுட்டேன். முதலாளிக்குப் பதிவு இருந்தா வேலையாளும் குத்தலாம்னு சட்டத்துல கிடையாது, ஊசி பிடிக்கிற ஆளு பேர்லதான் பதிவு இருக்கணும்.

சிங்கப்பூர்ல இதுக்கு 2000லயே சட்டம் வந்தாச்சு. முதல்ல அக்குபங்சர் பண்றவங்களப் பதிவு பண்ணாங்க, அப்புறம் மருந்து கொடுக்கிற சின்சேங்கள, அதாவது சீன வைத்தியர்கள. இந்த ரெண்டும் வேற வேற பதிவு, அக்குபங்சருக்கு மட்டும் பதிஞ்சவரு உங்களுக்கு மூலிகை மருந்து எழுதிக் கொடுக்கக் கூடாது. எம்பிபிஎஸ் படிச்ச டாக்டரே ஆனாலும் அக்குபங்சர் பண்ணணும்னா இந்த வாரியத்துல தனியாப் பதியணும், எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி இதுதான்.

நான் இருக்கிற கலிஃபோர்னியாவுலயும் அக்குபங்சர் போர்டுன்னு தனியா இருக்கு, லைசன்ஸ கிளினிக்ல எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி மாட்டணும், 2 வருஷத்துக்கு 50 மணி நேரம் தொடர் படிப்பு காட்டினாதான் புதுப்பிக்க முடியும். ஆனா அமெரிக்காவுல மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேற, ஒரு மாநிலத்து லைசன்ஸ வச்சுக்கிட்டு அடுத்த மாநிலத்துல தொழில் பண்ண முடியாது. இங்க நாடு முழுக்க ஒரே வாரியம், ஒரே பதிவேடு, தேடுறது நிஜமாவே சுலபம்.

அப்புறம் பதிவேட்டுல பேர் இருந்த ஒரு சின்சேகிட்ட போனோம், அந்த சின்சேக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும். தோளத் தொடுறதுக்கு முன்னாடியே ரத்தம் இளக மாத்திரை சாப்பிடுறீங்களா, சுகர் இருக்கான்னு கேட்டாங்க. அம்மா ரத்தம் இளக மாத்திரை சாப்பிடுறவங்க, அதனால மெல்லிசு ஊசியாப் பாத்து எடுத்து, சீல் பண்ணின பாக்கெட்ட எங்க கண்ணு முன்னாடியே கிழிச்சு, முடிச்சதும் எண்ணி எண்ணி எடுத்து மூடி போட்ட டப்பாவுல போட்டாங்க. மசாஜ் கடையில யாருமே மாத்திரையப் பத்தி வாயத் திறக்கல, அதுதான் இன்னும் மனச விட்டுப் போகல.

கையில காசு கம்மின்னா சின் சுவீ ரோட்டுல தோங் சாய்ங்கிற சீன வைத்திய நிலையம் இருக்கு, 1867ல ஆரம்பிச்சது, எந்த இனத்துக்காரங்கன்னு பாக்காம இலவச வைத்தியம்.

என் ஆதங்கம் நம்ம ஊரு தாத்தா பாட்டிங்களப் பத்திதான். தமிழ் மட்டும் படிக்கத் தெரிஞ்சவங்க இந்தப் பதிவேட்ட எப்படித் தேடுவாங்க? புகார் கொடுக்கணும்னாலும் எழுத்துல, சத்தியப் பிரமாணத்தோட கொடுக்கணும், பிள்ளைங்க துணை இல்லாம அது அவங்களால ஆகுமா? பாலிகிளினிக்ல தமிழ்ல ஒரு போஸ்டர், "ஊசி போடுறவர் பேரப் பதிவேட்டுல பாருங்க, தெரியலன்னா கவுண்டர்ல கேளுங்க"ன்னு ஒட்டினாப் போதும். எங்க தொகுதி எம்பி மக்கள் சந்திப்புக்குப் போய் இதையே கேட்டேன், எழுதிக்கிட்டாங்க. உங்க தொகுதியிலயும் போய்க் கேளுங்க, நாலு பேர் கேட்டா வேகமா நடக்கும்.