வாட்ஸ்அப் சேனல்: ஆய்வு முடிவு கடைமடை வரை போகுமா?

ஆய்வுக் கட்டுரையை எக்ஸில் போட்டால் இன்னொரு ஆய்வாளர் பார்ப்பார். திருவிடைமருதூர் பக்கம் நெல் போடுகிறவர் பார்ப்பது வாட்ஸ்அப். டெல்டாவில் பயிர், மண், பாசனம் என்று ஆய்வு செய்கிறவர்களுக்கு 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த வாட்ஸ்அப் சேனல் நல்ல வசதி. காசு கிடையாது, தனி ஆப்பும் வேண்டாம். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம்.

குரூப்பைவிட இது மேல் என்பதில் சந்தேகமில்லை. குரூப்பில் 1024 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். ஆய்வாளர் போட்ட குறிப்பு, நாலு குட்மார்னிங் படத்துக்குக் கீழே புதைந்துபோகும். சேனலில் அட்மின் மட்டுமே பதிவு போடுவார்; பின்தொடர்கிறவரின் நம்பர் மற்றவர்களுக்குத் தெரியாது. போட்ட பிறகு தப்பு கண்ணில் பட்டால் திருத்தவும் முடியும். மருந்து அளவில் ஒரு புள்ளி இடம் மாறிப்போனால் இதன் அருமை தெரியும்.

ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தை அப்படியே தமிழாக்கிப் போடுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ‘மாற்று ஈர-உலர் நீர் மேலாண்மையின் தாக்கம்’ என்று தலைப்பு வைத்தால் ஒருவரும் திறக்கமாட்டார். அதையே ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்றால் ஊருக்கே தெரியும். ஒரு பதிவுக்கு ஒரு வேலை போதும்: நட்டு இரண்டு வாரம் கழித்து, துளையிட்ட குழாயை வயலில் பதியுங்கள், குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும், 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சுங்கள், பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடாதீர்கள். களை மிகுந்த வயலில் இன்னும் இரண்டு மூன்று வாரம் பொறுத்துத் தொடங்கச் சொல்லும் வரியும் அதே பதிவில் இருக்கவேண்டும். அதை விட்டுவிட்டால், களை மண்டிய பிறகு பழி ஆய்வின்மேல் விழும்.

‘இந்தத் தேதியில் செய்யுங்கள்’ என்று அறிவுரை சொல்லவே கூடாது. மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தாலும் கல்லணைப் பக்கம் தண்ணீர் வரும் நாள் வேறு, வேதாரண்யம் கடைமடைக்கு வரும் நாள் வேறு. ‘நட்ட 20-ஆம் நாள்’ என்று எழுதினால் இரண்டு ஊருக்கும் பொருந்தும்.

மதிப்பெண்ணில் ஒன்று குறைவது 30 நாள் கணக்கால். பதிவுகளை அதற்குமேல் சர்வரில் வைத்திருப்பதில்லை என்று சேனலை அறிமுகம் செய்தபோதே வாட்ஸ்அப் சொல்லிவிட்டது. ஆடுதுறை 43 ஏறக்குறைய 110 நாள் நெல் ரகம். விதை விட்ட அன்று போட்ட குறிப்பு, நட்டு ஒரு வாரம் ஆவதற்குள் போய்விடும். அதற்குப் பிறகு சேனலுக்கு வருகிறவருக்குக் கிடைக்காது. ஆகவே சேனலை மணியடிக்க மட்டும் வைத்துக்கொண்டு, சரக்கை யூடியூபிலோ நிறுவனத் தளத்திலோ வைத்து, லிங்க் கொடுப்பதே வழி. குறுவைக்குப் பின் வரும் தாளடிக்குத் தேவையானதை அந்தப் பருவத்தில் திரும்பப் போடவும் வேண்டும்.

சேனல் பதிவை ஃபார்வர்டு செய்தால் சேனலின் பெயரும் கூடவே போகும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போகாது. ஊரில் சுற்றுவது பெரும்பாலும் அதுதான். நிறுவனத்தின் பெயர், மாதம், வருடம் மூன்றையும் படத்துக்குள்ளேயே, வெட்ட முடியாத இடத்தில் அச்சிடுங்கள். தேதியில்லாத மருந்துப் பட்டியல் ஐந்து வருடம் கழித்தும் வந்து நிற்கும். எழுத்து பொடியாக இருந்தால், படத்தை வாட்ஸ்அப் சுருக்கும்போது புள்ளியும் கொம்பும் மங்கிவிடும். ஒரு படத்தில் ஆறேழு வரிக்குமேல் வேண்டாம். டிடிபி ஆள் பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்ததை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்டவேண்டும்.

மீதி அரை மதிப்பெண் பல்கலைக்கழகக் கணக்குக்காகப் போகிறது. ஆல்ட்மெட்ரிக் என்ற சேவை, செய்தி, எக்ஸ், விக்கிப்பீடியா, கொள்கை ஆவணங்கள் என்று எங்கெங்கே கட்டுரை பேசப்படுகிறது என்று எண்ணுகிறது. வாட்ஸ்அப் அதன் கண்ணில் படாது. பத்தாயிரம் விவசாயிகள் படித்தாலும் ஆல்ட்மெட்ரிக் காட்டும் பல நிற வட்டத்தில் ஒரு நிறமும் சேராது. மதிப்பீட்டுக்கு எண் வேண்டுமென்றால், டி.ஓ.ஐ. (கட்டுரையின் நிரந்தர அடையாள எண்) லிங்க்கோடு எக்ஸிலும் தனியாகப் போட்டாக வேண்டும். பதிப்பகத்தின் பிடிஎஃப்பை ஏற்றிவிடாதீர்கள். திறந்த அணுக்கம் (யாரும் இலவசமாகப் படிக்கும் வசதி) இல்லாத கட்டுரையில் அது உரிமைச் சிக்கல். சொந்த வார்த்தையில் சுருக்கமும் லிங்க்கும் போதும்.

சேனல் தொடங்கும் முன் சிம்மைப் பாருங்கள். திட்ட உதவியாளரின் சொந்த நம்பரில் தொடங்கினால், திட்டம் முடிந்து அவர் கிளம்பும் நாளில் சேனலும் அவரோடு போய்விடும். துறையின் பெயரில் ஒரு சிம், கூடுதலாக இன்னொரு அட்மின்: இந்த இரண்டும் முதல் நாளே தயாராக இருக்கட்டும்.