குன்னூர் வர்க்கிக் கடையும் அதன் சுவரில் தொங்கும் அட்டவணையும்

குன்னூரிலிருந்து கோத்தகிரி செல்லும் சாலையில், ஊர் முடிந்து இரண்டு மூன்று வளைவுகள் கடந்ததும், தேநீர்க்கடையோடு சேர்ந்த சிறிய பேக்கரி ஒன்று இருக்கிறது. பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். "கூட்டம் வருவது இருக்கட்டும் சார், என்னிடம் வேலை பார்க்கும் பிள்ளைகளை வேறு கடைக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டு போய்விடுவார்கள்" என்பது அவர் சொன்ன காரணம். எட்டு மாதங்களாக வாரம் ஒருமுறையாவது அங்கே போய்வருகிற எனக்கு, அவர் அஞ்சுவதில் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது.

முதலில் பண்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நீலகிரிக்குப் பேர்போன மொறுமொறு ரொட்டியான வர்க்கி இங்கே இன்னமும் விறகு அடுப்பில்தான் வேகிறது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே ஏடு ஏடாகப் பிரியும் பதம். தேநீரில் முக்கினால் கரைந்து டம்ளரின் அடியில் தங்கிவிடுவதில்லை. தேங்காய் பன் சுமார். காபி வேண்டாம், தேநீரே வாங்குங்கள்.

இதை எழுதத் தூண்டியது கல்லாவுக்குப் பின்னால் சுவரில் தொங்கும் ஓர் அட்டவணை. கடையில் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஆறு பேர் 25 வயதுக்கு உட்பட்டவர்கள். அந்த ஆறு பெயர்களுக்கும் எதிரே மேசை, கல்லா, சரக்குக் கணக்கு, மாவு, அடுப்பு, கொள்முதல் என்று கட்டங்கள். ஒருவர் ஒரு வேலையைத் துணையின்றிச் செய்யும் அளவுக்குத் தேறியதும், அந்தக் கட்டத்தில் மாஸ்டர் தேதியிட்டுக் கையெழுத்துப் போடுகிறார். இரண்டு கட்டங்கள் நிறைந்தால் சம்பளம் ஒரு படி ஏறுகிறது. அடுத்த உயர்வு எப்போது என்று முதலாளியின் முகத்தைப் பார்த்துக் கணிக்க வேண்டியதில்லை.

என் அக்கா மகன் உதகையில் ஒரு விடுதியில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தான். சேர்ந்த நாளில் துடைத்த மேசைகளைத்தான் விலகிய நாளிலும் துடைத்தான். அனுபவச் சான்று கேட்டபோது, "இத்தனை நாள் சாப்பாடு போட்டோமே" என்றார்களாம். இப்போது திருப்பூரில் இருக்கிறான். பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகிற விலை கிடைக்காத வீடுகளிலிருந்து பிள்ளைகள் சமவெளிக்கு இறங்குவது நீலகிரியில் பழைய கதை. மலையிலேயே வேலை இருந்தும், அந்த வேலையில் ஏறுவதற்கு அடுத்த படி ஒன்று இல்லாததால் இறங்குகிறவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இங்கே செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணி முதல் நான்கு மணி வரை கற்றுக்கொடுக்கும் நேரம். ஒருமுறை பக்கத்திலேயே நின்று பார்த்தேன். தணலை வெளியே இழுத்து, ஈரத்துணியால் அடுப்பின் தளத்தைத் துடைத்த பிறகு, பத்தொன்பது வயதிருக்கும் பெண் ஒருத்தி ஒரு சிட்டிகை மைதாவை உள்ளே வீசினாள். "என்னம்மா தெரியுது?" என்றார் மாஸ்டர். "உடனே கறுத்துப்போச்சு மாஸ்டர், இன்னும் ஆறணும்." சற்று நேரம் கழித்து வீசிய இரண்டாவது சிட்டிகை மெல்லப் பொன்னிறமானது. "இப்ப விடலாமா?" என்று கேட்டாள். "என்னைக் கேக்காதே, நீயே பார்த்து விடு" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போய்விட்டார். அந்தத் தட்டில் ஓரத்து வர்க்கிகள் சற்றுக் கருகின. யாரும் திட்டவில்லை, கருகியவை ஊழியர்களின் மாலைத் தேநீருக்குப் போயின, எனக்கும் இரண்டு கிடைத்தன. மூன்று மாதங்களுக்கு முன்பு இதே பெண்தான் எனக்கு டம்ளர் எடுத்துவைத்தாள்.

உணவுத் தொழிலில் 25 பணியாளர்களுக்கு ஒருவர் உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் பயிற்சி பெற்றிருந்தால் போதும். உரிமையாளர் ஒன்பது பேரில் மூன்று பேரைத் தம் செலவில் அந்தப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார். சான்றிதழ் அவரவர் பெயரில் இருப்பதால், வேலையை விட்டுப் போகும்போது கையோடு கொண்டுபோகலாம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். படிக்கும் ஓர் இளைஞருக்குத் தேர்வு நாட்களில் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. சென்ற ஆண்டு ஒருவர் கோவைக்குப் போனபோது, என்னென்ன வேலை தெரியும் என்று வரிவரியாக எழுதிய கடிதம் கொடுத்து அனுப்பினார்களாம். கூப்பிட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்று அஞ்சுகிறவரே இதையும் செய்கிறார்.

குறைகளும் உண்டு. சீசனில் இந்த ஏற்பாடு அப்படியே நின்றுபோகிறது. மே மாதம் மலர்க் கண்காட்சி நாட்களில் போனேன். செவ்வாய் வகுப்பு இல்லை, பிள்ளைகள் மேசைக்கு மேசை ஓடிக்கொண்டிருந்தார்கள், தேநீர் ஆறிப்போய் வந்தது. பில்லில் நான் வாங்காத அரைக் கிலோ வர்க்கி ஏறியிருந்தது. கல்லாவில் இருந்த தம்பி புதியவர். உரிமையாளர் வந்து, என் முன்னால் அவரை ஒரு சொல்லும் சொல்லாமல், பில்லை அவரையே திரும்பப் போடச் செய்தார். அந்தப் பண்பு எனக்குப் பிடித்தது. ஆனால் பயிற்சி முடியாதவரை மே மாதத்தில் கல்லாவில் தனியாக உட்காரவைத்தது யார் தவறு?

கொள்முதல் கட்டத்தில் ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரேயும் கையெழுத்து இல்லை. மேட்டுப்பாளையத்துக்கு விடியற்காலையில் இறங்க வேண்டியிருக்கும் என்று உரிமையாளர் காரணம் சொன்னார். மாவும் சர்க்கரையும் தொலைபேசியில் பேசியே வாங்கப்படுவதைப் பலமுறை பார்த்திருப்பதால் அந்தக் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் இன்றைய விதிகளின்படி, 30 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்கள் பழகுநர்களை, அதாவது வேலையிலேயே தொழில் கற்பவர்களை, சேர்த்தே ஆக வேண்டும். நான்கு முதல் 29 பேர் வரை உள்ள இடங்கள் விரும்பினால் சேர்க்கலாம். தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் பழகுநருக்குத் தரும் உதவித்தொகையின் கால் பங்கை, மாதம் ரூ.1,500 வரை, மத்திய அரசே ஏற்கிறது. இந்தக் கடை அதில் பதிவுசெய்யவில்லை. "காகித வேலை அதிகம் சார்" என்கிறார். சுவரில் அட்டவணை வரைந்து மாதாமாதம் தேதி போடுகிறவருக்கு அது பெரிய வேலையாக இருக்காது என்று அவரிடமே சொன்னேன், சிரித்தார்.

போகிறவர்களுக்கு: செவ்வாய் மூன்று முதல் நான்கு வரை மேசைக்கு வந்து பரிமாறமாட்டார்கள், கல்லாவில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால் வர்க்கிக்குத் துணிப்பையோ மூடியுள்ள டப்பாவோ எடுத்துச் செல்லுங்கள். டப்பாவே நல்லது, மலை ஈரத்தில் வர்க்கி சீக்கிரம் நமத்துவிடும்.