வீட்டில் வேலை பார்க்கத் தைத்த உடைகள்: ஈரோடு கனி மார்க்கெட் துணி எப்படி?

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் தாங்களே தைத்துப் போட எங்கே துணி எடுக்கலாம் என்று கேட்டால் என் ஓட்டு ஈரோட்டின் ஜவுளிச் சந்தையான கனி மார்க்கெட்டுக்குத்தான். வாரச் சந்தை திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் வரை நடக்கும், அப்போது போனால் ரகங்கள் கொட்டிக் கிடக்கும், ஆனால் வெளியூர் மொத்த வியாபாரிகளின் கூட்டத்துக்கு நடுவே இரண்டரை மீட்டர் கேட்டு நிற்கப் பொறுமை வேண்டும். சில்லறைக்கு மற்ற நாட்களே நிம்மதி.

நான் எடுத்தது பாப்ளினும் (நெருக்கமாக நெய்த வழவழப்பான காட்டன்) கட்டம் போட்ட கைத்தறியும். பாப்ளின் பார்க்க நேர்த்தியாக இருக்கிறது, வீடியோ மீட்டிங்குக்கு மேல்சட்டையாக ஓகே, ஆனால் சம்மணம் போட்டு உட்காரும் பேண்ட்டுக்கு விறைப்பு. கைத்தறி துவைக்கத் துவைக்க இளகிக்கொண்டே போகிறது, அதுதான் என் தேர்வு.

எந்தக் காட்டனானாலும் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள், சுருங்காமல் விடாது. அடர் நிறம் என்றால் தனியாக ஊறவையுங்கள். அப்புறம் பேண்ட்டின் பின்பக்கத்தை இடுப்பில் முன்பக்கத்தைவிட 2 அங்குலம் உயர்த்தி வெட்டினால் உட்காரும்போது கீழே இறங்காது (கடையில் வாங்கும் பேண்ட்டுகளில் இதைத்தான் கஞ்சத்தனம் பண்ணுகிறார்கள்). எலாஸ்டிக் 1 அங்குலமாவது இருக்கட்டும், மெல்லியது சுருண்டு வயிற்றை அறுக்கும். கைத்தறிக்கு 14 நம்பர் ஊசி போதும்.

பனியன் துணி மட்டும் சாதாரண ஊசியில் தையல் விட்டு விட்டு விழும், அதற்கு முனை உருண்டையான பால்பாயிண்ட் ஊசி வாங்க வேண்டும். டி-ஷர்ட்டைத் திருப்பூர்க்காரர்களிடமே விட்டுவிட்டேன்.