வருந்தியும் திருந்தாத வில்லன்: ‘டெக்ஸ்டர்’ நான்காவது சீசன்

குற்றத் தொடர்களில் வரும் தொடர் கொலையாளிகள் பெரும்பாலும் இரண்டே வார்ப்புகளில் அடங்கிவிடுவார்கள். ஒன்று, எதற்கும் கலங்காத அதிபுத்திசாலி. மற்றொன்று, மனம் பேதலித்த முரடன். செய்ததை நினைத்து உள்ளூரக் குமைகிற, மனம்விட்டுப் பேச ஓர் ஆள்கூட இல்லாத கொலையாளியை வில்லனாக நிறுத்தி, அவன்மீது நமக்கு இரக்கம் பிறந்த பிறகும் அச்சம் துளியும் குறையாமல் பார்த்துக்கொள்வது கடினமான வேலை. ஷோடைம் தொலைக்காட்சியில் 2009 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 12 எபிசோடுகளாக ஒளிபரப்பான ‘டெக்ஸ்டர்’ தொடரின் நான்காவது சீசன் அந்த வேலையை, நான் பார்த்த வரையில், வேறெந்தத் தொடரையும்விடச் சிறப்பாகச் செய்திருக்கிறது. கதையின் முடிச்சுகள் சிலவற்றை இங்கே அவிழ்க்காமல் இதைப் பற்றி எழுத முடியாது. கடைசிக் காட்சியை மட்டும் தொடப்போவதில்லை.

மயாமி காவல் துறையில் ரத்தத் தெறிப்பு நிபுணராக வேலை பார்க்கும் டெக்ஸ்டர் மார்கன், சட்டத்தின் பிடியிலிருந்து தப்பிய கொலைகாரர்களைத் தேடிப்பிடித்துக் கொல்பவன் என்பது தொடரின் அடிப்படை. நான்காவது சீசனில் அவனுக்கு மனைவி, குழந்தைகள், புறநகரில் ஒரு வீடு எல்லாம் அமைந்துவிட்டன. இந்த நேரத்தில்தான் ‘டிரினிட்டி’ என்று பெயரிடப்பட்ட, 30 ஆண்டுகளாக யாரிடமும் சிக்காத கொலையாளி மயாமிக்கு வருகிறார். ஆர்தர் மிட்செல் என்ற அந்த மனிதருக்கும் மனைவி உண்டு, மகனும் மகளும் உண்டு. தேவாலயத்தில் மதிப்புமிக்கவர். ஏழைகளுக்கு வீடு கட்டிக்கொடுக்கும் தொண்டு அமைப்பில் தன் கையால் சுத்தியல் பிடித்து ஆணி அடிப்பவர்.

முதல் எபிசோடிலேயே அவர் செய்யும் கொலை காட்டப்படுகிறது. குளியல் தொட்டியில் இருக்கும் பெண்ணை அசையவிடாமல் இறுக்கிப் பிடித்துத் தொடையில் ரத்தக்குழாயை அறுக்கும் அவர், அவளுடைய சாவை அவளே பார்க்கும்படி ஒரு கண்ணாடியை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டுகிறார். “எல்லாம் முடிந்துவிட்டது” என்று ஆறுதல் சொல்லும் குரலில் முணுமுணுக்கிறார். அந்தக் கனிவுதான் பார்ப்பவரை நடுங்க வைக்கிறது. அது ஏன் என்பது பல எபிசோடுகள் கழித்தே விளங்கும். ஆர்தரின் அக்கா வீரா, அவர் சிறுவனாக இருந்தபோது, குளிக்கும் இடத்தில் தம்பி ஒளிந்திருந்து பார்ப்பதைக் கண்டு பதறி விழுந்து இறந்துபோனாள். அதைத் தாங்க முடியாத தாய் உயரத்திலிருந்து குதித்து உயிரை விட்டாள். தந்தையோ எல்லாப் பழியையும் மகன் தலையில் போட்டு அவனை அடித்து நொறுக்கினார். அந்தக் குடும்பம் அழிந்த வரிசையிலேயே ஆர்தர் ஊர் ஊராகப் போய் அந்நியர்களைக் கொல்கிறார். ஒவ்வோர் இடத்திலும் அக்காவின் அஸ்தியில் ஒரு துளியை விட்டுவிட்டுப் போகிறார்.

இந்த சீசனின் பலம் இங்கேதான் இருக்கிறது. குற்றவுணர்வு மனிதனைத் திருத்திவிடும் என்ற நம்பிக்கையில்தான் நம்முடைய கதைகளில் பாதி நடக்கின்றன. ஆர்தரிடம் குற்றவுணர்வு நிரம்பி வழிகிறது. ஆனால் அது முழுக்க முழுக்க அவரைப் பற்றியதாகவே இருக்கிறது. தான் கொன்ற பெண்களின் பிள்ளைகளைப் பற்றி அவர் ஒரு நொடியும் நினைப்பதாகத் தெரியவில்லை. அவர் அழுவது பத்து வயது ஆர்தருக்காக. அந்தப் பையனின் பாவத்தைக் கழுவுவதற்கு இன்னொருவரின் ரத்தம் திரும்பத் திரும்பத் தேவைப்படுகிறது. வருத்தம்தான் அவருடைய கொலைகளை நடத்துகிறது என்ற இந்தக் கொடூரமான உண்மையை எழுத்தாளர்கள் எந்த இடத்திலும் வசனமாகச் சொல்லிக் கெடுக்கவில்லை.

எட்டாவது எபிசோடில் டெக்ஸ்டரும் ஆர்தரும் டாம்பாவுக்குப் பயணம் போகிறார்கள். ஆர்தருக்கு டெக்ஸ்டரின் உண்மைப் பெயர் தெரியாது. ‘கைல் பட்லர்’ என்ற பெயரில் பழகிய நண்பன் என்றே நம்புகிறார். தவறான ஆளைக் கொன்றுவிட்டோம் என்று அப்போதுதான் டெக்ஸ்டரும் மருகிக்கொண்டிருக்கிறான். இரண்டு கொலைகாரர்கள், இருவருக்கும் நெஞ்சில் பாரம், ஒருவருக்கொருவர் பாதி உண்மையைச் சொல்லி ஆறுதல் தேடுகிறார்கள். ஆர்தரின் தனிமை எவ்வளவு ஆழமானது என்பது இந்தப் பயணத்தில்தான் உறைக்கிறது: முப்பது ஆண்டுகளில் அவர் மனம் திறந்து பேசக் கிடைத்த ஒரே மனிதன், அவரைக் கொல்லத் தருணம் பார்த்து வந்தவன். கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தின் உச்சியிலிருந்து குதித்துச் சாக முயலும் அவரை டெக்ஸ்டரே இழுத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. ஆர்தர் அதைக் கடவுள் தந்த மன்னிப்பாக எடுத்துக்கொள்கிறார்.

அந்த மன்னிப்பின் லட்சணம் அடுத்த எபிசோடிலேயே, நன்றி நவிலல் நாள் விருந்தில் வெளுத்துவிடுகிறது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் மனைவியும் பிள்ளைகளும் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் வாய் திறக்கிறார்கள். ஆத்திரம் தாங்காமல் மகன் ஜோனா அஸ்திக் கலசத்தைப் போட்டு உடைக்க, தகப்பன் பாய்ந்து அவன் கழுத்தைப் பிடிக்கிறார். உயிரோடு இருக்கும் மகனைவிடச் செத்துப்போன அக்காவின் சாம்பல் அவருக்குப் பெரிது. குடும்பத்துக்கு நடுவிலேயே தனித்தீவாக வாழும் ஒரு மனிதன், கூட இருக்கும் ஒவ்வொருவரையும் எப்படித் தனிமைப்படுத்திவிடுகிறான் என்பதற்கு இதைவிட நல்ல காட்சியை நான் பார்த்ததில்லை.

ஆர்தராக வரும் ஜான் லித்கோவின் நடிப்பைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். ஆஜானுபாகுவான உடல், கனிந்த சிரிப்பு, ஒரே நொடியில் வெறுமையாகிவிடும் கண்கள். அழுகையும் வன்முறையும் ஒரே மூச்சில் வரும் இடங்களில் அவர் குரலை உயர்த்துவதைவிடத் தாழ்த்துவதையே அதிகம் நம்பியிருக்கிறார். இந்தப் பாத்திரத்துக்காக 2010ஆம் ஆண்டில் கோல்டன் குளோப், எம்மி இரண்டையும் அவர் வென்றது முற்றிலும் நியாயம். அவருக்கு எதிரே டெக்ஸ்டராக வரும் மைக்கேல் சி. ஹால் அடக்கி வாசித்திருப்பதும் பாராட்டத்தக்கது. ‘இவரைப் போலக் குடும்பத்தையும் கொலையையும் சேர்த்து நடத்த முடியுமோ’ என்ற டெக்ஸ்டரின் ஆசை அவன் பார்வையிலேயே தெரிகிறது.

குறைகளும் உண்டு. காவல் நிலையத்துக்குள் நடக்கும் லகுவெர்ட்டா, பட்டீஸ்டா என்ற இரு அதிகாரிகளின் காதல் கதை எந்த இடத்திலும் ஒட்டவில்லை. சுற்றுலாப் பயணிகளைக் கொல்லும் ஜோடியின் கதை பாதியில் காற்றுப்போன பலூன். ஆர்தரைக் கொல்ல வாய்ப்பு வந்தும் டெக்ஸ்டர் தள்ளிப்போடுவது முதல் சில முறை நம்பும்படி இருக்கிறது. பிறகு கதையை இழுப்பதற்காகவே என்று தோன்றுகிறது. பத்திரிகையாளர் கிறிஸ்டினின் கதை மட்டும் விதிவிலக்கு. ஆர்தரின் இன்னொரு மகள் என்பதை மறைத்து வாழும் அவள், தகப்பனின் அன்புக்காக எதையும் செய்யத் துணிந்து, கடைசியில் அவராலேயே உதறப்படுகிறாள். அவளுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் ஒதுக்கியிருக்கலாம்.

முந்தைய மூன்று சீசன்களைப் பார்க்காதவர்களுக்கும் ஆர்தரின் கதை புரியும். ஆனால் முதல் சீசனையாவது பார்த்துவிட்டு வந்தால், டெக்ஸ்டரின் சிறுவயதுக்கும் ஆர்தரின் சிறுவயதுக்கும் உள்ள ஒற்றுமை தானாகவே விளங்கும். ரத்தமும் நிர்வாணமும் தாராளமாக வருவதால் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கக்கூடிய தொடர் அல்ல. பத்தாவது எபிசோடில் ஒரு சிறுவன் கடத்தப்படுகிறான்; ஆர்தர் அவனுக்கு விளையாட ரயில் பொம்மைகளைக் கொடுத்து, தன் குழந்தைப் பருவத்தை அவனிடம் தேடிவிட்டுப் பிறகு அவனைக் கொல்லத் திட்டமிடுகிறார். குழந்தைகள் ஆபத்தில் சிக்கும் காட்சிகளைத் தாங்க முடியாதவர்கள் அந்த எபிசோடைத் தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டாம்.